உஷார்! கையெழுத்துக்கு முன் மண்வெட்டியைத் தொடாதீர்கள்

அமெரிக்காவில் வளரும் உங்கள் மகனோ மகளோ ஸ்கவுட்டில் இருக்கிறாரா? வயது 16 ஆகிவிட்டதா? அப்படியானால் இதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். ஆறேழு வருடம் மழையிலும் குளிரிலும் கூடாரம் அடித்து, முடிச்சுப் போடப் பழகி, ஒவ்வொரு பேட்ஜாகச் சேர்த்து வந்த பிள்ளைகள் ஈகிள் ஸ்கவுட் என்ற கடைசிப் படியில் கால் வைக்கும் நேரத்தில் தடுமாறி நிற்கிறார்கள். அவர்களுக்குத் திறமையும் குறைவில்லை, உதவும் மனமும் குறைவில்லை. சேவைத் திட்டத்தைத் தலைகீழ் வரிசையில் தொடங்கியிருப்பார்கள். அல்லது காலம் கடந்து தொடங்கியிருப்பார்கள். அல்லது பெற்றோர் கை வைக்கக்கூடாத இடத்தில் கை வைத்திருப்பார்கள். மூன்றுமே முன்கூட்டித் தெரிந்தால் தவிர்க்கக்கூடியவை. பிள்ளை கண் கலங்கி நிற்கும்போது தெரிந்து பயனில்லை என்பதால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

ஊரில் ராஷ்டிரபதி சாரணர் விருது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் அந்த உச்சியில் இருப்பது ஈகிள். 1912-ல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட் என்ற இளைஞர் அதை முதன்முதலில் பெற்றார். அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டும், நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஈகிள் ஸ்கவுட்டுகள். 2019 முதல் பெண் பிள்ளைகளும் டுரூப் எனப்படும் சாரணர் குழுக்களில் சேரலாம். 2021-ல் பெண்களின் முதல் ஈகிள் அணி அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து இயக்கத்தின் பெயரே ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறிவிட்டது. ஃபோர்டும் ஆம்ஸ்ட்ராங்கும் செய்ய வேண்டியிராத ஒன்று இன்றைய பிள்ளைக்கு உண்டு. 1965-லிருந்து தனியான சேவைத் திட்டம் ஒன்றைச் செய்து முடித்தால்தான் ஈகிள்.

அந்த நிபந்தனை என்ன கேட்கிறது என்பதைப் பெற்றோரில் பலர் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. பிள்ளை லைஃப் என்ற நிலையில் இருக்கும்போது, ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்துக்கோ பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படும் ஒரு வேலையைத் தானே திட்டமிட வேண்டும், தானே வளர்த்தெடுக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தலைமை தாங்கி முடிக்க வேண்டும். பெஞ்ச் எத்தனை செய்தான், எவ்வளவு டாலர் செலவழித்தான் என்பதெல்லாம் அதில் இல்லை. திட்டமிட்டது யார், வழிநடத்தியது யார் என்பதுதான் கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஆபத்துகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

முதல் ஆபத்து, பெரிய ஆபத்து: அனுமதிக்கு முன்னே வேலையைத் தொடங்கிவிடுவது.

இந்தத் திட்டத்துக்கென்று இயக்கம் வெளியிட்டுள்ள ஒர்க்புக் ஒன்று இருக்கிறது. அதன் முதல் பகுதி ப்ரொபோசல். அதில் நான்கு தரப்பின் ஒப்புதல் வேண்டும்: டுரூப்பின் ஸ்கவுட் மாஸ்டர், டுரூப் கமிட்டி, பயன்பெறப் போகும் அமைப்பு, கடைசியாக இயக்கத்தின் வட்டார அமைப்புகளான கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் சார்பில் ஒருவர். இந்த நான்கும் விழும் வரை பேசலாம், அளவெடுக்கலாம், யோசிக்கலாம். பலகை வாங்கக்கூடாது, குழி தோண்டக்கூடாது, யாரிடமும் பணம் கேட்கக்கூடாது.

நம் குடும்பங்களில் இது எப்படிச் சறுக்குகிறது என்று சொல்கிறேன். கோயிலில் செருப்பு ஸ்டாண்ட் வேண்டும் என்று யாரோ சொல்கிறார்கள். நல்ல யோசனை, கோயிலும் வழிபாட்டுத் தலம்தான், தாராளமாகச் செய்யலாம். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர் அப்பாவின் நண்பர். போனிலேயே “செய்யுங்கள், என்ன தயக்கம்” என்று சொல்லிவிடுகிறார். அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் கூடி அறுத்து, ஆணியடித்து, வண்ணம் பூசி முடித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் பறக்கிறது, வாழ்த்துக் குவிகிறது. அதன்பிறகுதான் ஒர்க்புக்கைத் திறக்கிறார்கள். முடிந்த வேலைக்கு முன்தேதியிட்டு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள், போடவும் கூடாது. அப்படிப் போடச் சொல்லி ஒரு பெரியவரிடம் கேட்பதே சாரணப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் மிக மோசமான பாடம். அந்த ஸ்டாண்ட் கோயிலுக்கு நன்றாகப் பயன்படும், சந்தேகமில்லை. ஈகிளுக்குப் பயன்படாமல் போகலாம். பிள்ளை மறுபடி வேறொரு திட்டத்தைத் தேட வேண்டிவரும், அதுவும் நேரம் இருந்தால்.

அதே கோயில் உதாரணத்தில் இன்னொரு கண்ணியும் ஒளிந்திருக்கிறது. போனில் சரி சொன்னவருக்குக் கோயில் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா? கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டுமா? கூட்டம் மாதத்துக்கு ஒருமுறைதானா? நவராத்திரி வேலைகள் நடக்கும்போது யார் இதைக் கவனிப்பார்கள்? ஸ்டாண்டை வைக்கப்போகும் இடம் தீ விபத்தில் ஜனம் வெளியேறும் வழியாக இருந்தால் தீயணைப்புத் துறை எடுக்கச் சொல்லும். சுவரில் பொருத்துவதானால் கட்டட அனுமதி தேவைப்படலாம். இதையெல்லாம் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் அதுதான் திட்டமிடல். பயன்பெறும் அமைப்புக்குக் கொடுப்பதற்கென்றே இயக்கம் ஒரு தகவல் தாள் வைத்திருக்கிறது. வேலையை மாற்றச் சொல்லவும், பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும்.

ப்ரொபோசல் சம்மதமானால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது, “இந்த யோசனை செய்யக்கூடியது, தலைமை தாங்க வாய்ப்பு இருக்கிறது, பாதுகாப்பைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், அடுத்து என்ன திட்டமிட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது” என்ற அளவுக்கான ஒப்புதல்தான். விரிவான திட்டம் ஒர்க்புக்கின் அடுத்த பகுதி. அதற்குக் கையெழுத்துக் கட்டாயமில்லை என்பதால் பல பிள்ளைகள் அதைக் காலியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வேலை நாளன்று 15 பேர் வந்து நிற்பார்கள், துளையிடும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கும், அதற்கும் சார்ஜ் இருக்காது. கடைசியில் போர்டு ஆஃப் ரிவ்யூவில் பெரியவர்கள் உட்கார்ந்து “எப்படித் திட்டமிட்டாய்?” என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஒப்புதல் பெற்ற திட்டம்கூட அந்தக் கூட்டத்தில் நிராகரிக்கப்பட முடியும். அரிதுதான், ஆனால் விதியில் அதற்கு இடம் இருக்கிறது. திட்டத்துக்கு வழிகாட்ட ப்ராஜெக்ட் கோச் என்று அனுபவமுள்ள ஒருவரைக் கேட்டு வாங்கலாம். தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்தது காலம். இங்கேதான் அதிகமான பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

18-வது பிறந்தநாள் வருவதற்குள் எல்லா நிபந்தனைகளும் முடிந்திருக்க வேண்டும். போர்டு ஆஃப் ரிவ்யூ மட்டும் அதற்குப் பிறகு நடக்கலாம். திட்டப்பணி அதற்குப் பிறகு முடியக்கூடாது, ஒரு நாள்கூட. இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் நிலையிலிருந்து ஸ்டார் ஆக 4 மாதம், ஸ்டாரிலிருந்து லைஃப் ஆக 6 மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு இன்னும் 6 மாதம். மொத்தம் 16. பிள்ளை 16 வயது 8 மாதத்துக்குப் பிறகுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனால் கணக்குப்படி வாசல் மூடிவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 17 வயதில் வந்து விசாரிக்கும் பெற்றோரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். லைஃப் ஆன பிறகு 6 மாதம் டுரூப்பில் ஒரு பொறுப்பும் வகித்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

ஈகிளுக்குத் தேவையான 21 மெரிட் பேட்ஜ்களில் சில, காலத்தைக் கட்டிப்போடும். ஃபேமிலி லைஃபில் வீட்டு வேலைகளை 90 நாள் தொடர்ந்து செய்து பதிவு வைக்க வேண்டும். பெர்சனல் மேனேஜ்மெண்டில் 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். பெர்சனல் ஃபிட்னஸில் 12 வார உடற்பயிற்சித் திட்டம். மூன்றும் கட்டாயப் பேட்ஜ்கள். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்தப் பணக்கார அப்பாவாலும் 90 நாளை விலைக்கு வாங்கித் தர முடியாது. திட்டப்பணியில் மூழ்கியிருக்கும் பிள்ளை இந்த மூன்றையும் மறந்துவிட்டால் பெஞ்ச் ஜொலித்தும் ஈகிள் வராது.

திட்டப்பணிக்கென்று எவ்வளவு காலம் ஒதுக்குவது? என்னைக் கேட்டால், லைஃப் ஆன வாரத்திலிருந்தே இடம் தேடத் தொடங்கிவிட வேண்டும். பள்ளியில் செய்யப்போகிறீர்கள் என்றால் கோடை விடுமுறையில் முதல்வரைப் பிடிப்பது பெரும்பாடு. நகராட்சிப் பூங்கா என்றால் பூங்காத் துறையின் அனுமதி எந்த மேசையில் எத்தனை வாரம் கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. டிஸ்ட்ரிக்டில் ப்ரொபோசலைப் பார்ப்பவர்களும் வேலைக்குப் போய்விட்டு வந்து தன்னார்வத்தில் செய்பவர்கள். அவர்கள் வீட்டிலும் விடுமுறை, விசேஷம், காய்ச்சல் எல்லாம் உண்டு. மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் டிசம்பர் மாதம் பிறந்த பிள்ளை நவம்பர் கடைசியில் கம்பம் நட முடியாமல் போகலாம், தரை கல்லாகத் தொடங்கிவிடும். முகூர்த்தத் தேதி குறித்துவிட்டு மண்டபம் தேடுவதைப் போல, வேலை நாளை அறிவித்துவிட்டு அனுமதிக்கு ஓடாதீர்கள்.

காலம் தவறினால் நீட்டிப்புக் கேட்கலாமே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நீட்டிப்பு என்று ஒன்று உண்டுதான். பிள்ளையின் கட்டுப்பாட்டுக்கு முற்றிலும் அப்பாற்பட்ட, எதிர்பார்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும். ஏ.பி. தேர்வு இருந்தது, ராபாட்டிக்ஸ் போட்டி இருந்தது, கோடையில் தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தோம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. அதை நம்பி உட்கார வேண்டாம்.

பெற்றோரே, இனிச் சொல்வது நமக்கு.

நம்மில் பலர் அலுவலகத்தில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறோம். அட்டவணை போடுவது கை வந்த கலை. பிள்ளை ராத்திரி 11 மணிக்கு வீட்டுப்பாடத்தோடு போராடுவதைப் பார்க்கும்போது “கொடு, நான் அடித்துத் தருகிறேன்” என்று ஒர்க்புக்கை வாங்கிக்கொள்ள மனம் துடிக்கும். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் நாம் பிள்ளையின் ஈகிளைப் பறிக்கிறோம். இந்தப் பணியில் சோதிக்கப்படுவது ஒன்றே ஒன்று: இந்த வயதுப் பிள்ளையால் ஒரு வேலையை நினைத்து, எழுதி, ஆள் சேர்த்து, நடத்த முடிகிறதா? அப்பா எழுதிய ப்ரொபோசல் படித்த உடனே தெரியும். “இந்தச் சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எப்படிக் கணக்கிட்டாய்?” என்று ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையில் இருக்கும் அவமானம் அவனுக்கு வர வேண்டியதல்ல.

வேலை நாளிலும் அப்படித்தான். அப்பாக்கள் ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொள்ள, பிள்ளைகள் ஓரமாக நின்று பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காட்சியை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். தன்னைத் தவிர இரண்டு பேராவது இருந்து அவர்களை வழிநடத்தினால் போதும் என்பதுதான் குறைந்தபட்சம்; அந்த இரண்டு பேருக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான். வேலை தாமதமாகட்டும், பலகை கோணலாக அறுபடட்டும், மறுபடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சுத்தியலை வாங்கிக்கொள்ளாதீர்கள். சாப்பாடு கொண்டுவாருங்கள், வண்டி ஓட்டுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிள்ளை கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள்.

பாராட்டு ஆசையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அடுத்த தெருப் பையன் ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டினான், நம் பிள்ளை அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும், கல்லூரி விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்க வேண்டும் என்று கிளம்பினால் முடியாத மலையைத் தலையில் ஏற்றிவிடுவோம். எத்தனை மணி நேரம் என்று விதியில் குறைந்தபட்சம் கிடையாது. “100 மணி நேரம் இருந்தால்தான் ஏற்பார்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணி நேரத்தைப் பதிவு செய்யச் சொல்வது புள்ளிவிவரத்துக்காக மட்டும். இயக்கம் வகுத்த நிபந்தனைகளோடு ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ டுரூப்புக்கும் அதிகாரமில்லை, கவுன்சிலுக்கும் இல்லை. தொடக்கப் பள்ளிக்குச் செய்யும் ஐந்தாறு தோட்டப் பாத்திகள், ஒழுங்காகத் திட்டமிட்டு ஒழுங்காக நடத்தினால், முழுமையான ஈகிள் திட்டம்தான். சிறிதாக எடுத்துச் செம்மையாகச் செய்வதே என் கட்சி.

எதைச் செய்யக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாரணர் முகாமுக்கோ டுரூப்புக்கோ செய்யும் வேலை செல்லாது. இயக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும். குடும்ப நண்பர் நடத்தும் உணவகம் போன்ற வியாபாரத்துக்குச் செய்வதும் செல்லாது. பயன்பெறும் அமைப்பில் எப்போதும் நடக்கும் வழக்கமான வேலையும் செல்லாது. வாராவாரம் கோயில் மண்டபத்தைக் கூட்டுவதும், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவதும் நல்ல சேவைதான், ஆனால் இந்தத் திட்டமாகாது. அதே தமிழ்ப் பள்ளியில் சிதறிக் கிடக்கும் புத்தகங்களை வகைப்படுத்தி, அலமாரி செய்து, பட்டியல் போட்டு, இரவல் கொடுக்கும் முறையை உண்டாக்கித் தந்தால் அது திட்டம். இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரே திட்டத்தைச் செய்து இருவருமே பெயர் வாங்கவும் முடியாது. ஒருவர் தலைவர், மற்றவர் உதவியாளர்.

பணத்தில் இன்னும் அதிக உஷார் வேண்டும். திட்டத்துக்குத் தேவையான பொருள் வாங்க நிதி திரட்டலாம். நிதி திரட்டுவதே திட்டமாக இருக்க முடியாது, எவ்வளவு உயர்ந்த காரணமாக இருந்தாலும். புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தேன் என்றால் மனம் நெகிழ்கிறது, ஆனால் ஈகிள் திட்டம் ஆகாது. பொருள் செலவுக்கான பணத்தைப் பிள்ளையோ, பெற்றோரோ, உறவினரோ, டுரூப்போ, அதை நடத்தும் அமைப்போ, டுரூப் குடும்பங்களோ, பயன்பெறும் அமைப்போ கொடுத்தால் தனி விண்ணப்பம் வேண்டாம். அதற்கு வெளியே ஒருவரிடம் கை நீட்டினாலும் ஒர்க்புக்கில் உள்ள நிதி திரட்டும் விண்ணப்பத்தை நிரப்பி, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கவுன்சிலில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் 400 பேருக்கு ஒரு செய்தி தட்டிவிடுகிறோமே, அது வெளியாரிடம் நிதி திரட்டுவதுதான். கோஃபண்ட்மீ பக்கம் தொடங்குவதும் அதுதான். ஹோம் டிப்போவிலோ லோவ்ஸிலோ போய்ப் பலகை இலவசமாகத் தருவீர்களா என்று கேட்பதற்கு முன்னும் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கொடுப்பவர் யாருக்காகக் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்: பயன்பெறும் அமைப்புக்காக, ஸ்கவுட் இயக்கத்துக்காக அல்ல. மீந்த பணம், யார் கொடுத்ததாக இருந்தாலும், அந்த அமைப்புக்கே போக வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். அப்பாவின் சொந்தக் கணக்கில் பணம் வந்து சேர்ந்து, எது நன்கொடை எது வீட்டுச் செலவு என்று தெரியாமல் போனால், பிள்ளையின் பெயர்தான் கெடும்.

தாத்தாவின் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாமே என்று பல குடும்பங்கள் ஆசைப்படுகின்றன. எனக்கும் அந்த ஆசை புரிகிறது. வெளிநாட்டில் உள்ள சமூகத்துக்குச் செய்வதை விதி தடுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வேலை தஞ்சாவூர் பக்கம் நடக்கும், பிள்ளை டெக்சாஸில் இருப்பான். அங்கே பெரியப்பா ஆள் வைத்து வேலையை முடிப்பார், இங்கே பிள்ளை படம் வாங்கி ஒட்டுவான். தலைமை எங்கே இருக்கிறது? பழைய மடிக்கணினிகளைச் சேகரித்து அனுப்புவது என்றால் சுங்கம், சரக்குக் கட்டணம், வந்து சேர்ந்ததற்குச் சான்று என்று ஒவ்வொன்றும் ஒரு மலை. இங்கேயே சேகரித்து, சோதித்து, பழைய தகவல்களை அழித்து, சீராக்கும் வேலையைப் பிள்ளை ஒரு குழுவை வைத்து நடத்தினால் அதில் உயிர் இருக்கும். எதுவானாலும், டிஸ்ட்ரிக்ட் ஆட்களிடம் முதலிலேயே பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈகிள் திட்டம் அதிகாரபூர்வமான சாரணர் நிகழ்ச்சி. 21 வயது நிரம்பிய, பதிவு செய்த இரண்டு பெரியவர்கள் முழு நேரமும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் கலந்துகொண்டால் பதிவு செய்த பெண் தலைவர் ஒருவர் கட்டாயம். உங்கள் வீட்டு கராஜில் நாலு பையன்கள் சேர்ந்து வண்ணம் பூசும் மாலைக்கும் இது பொருந்தும். எந்த வயதுப் பிள்ளை எந்தக் கருவியைத் தொடலாம் என்று இயக்கம் பட்டியல் வைத்திருக்கிறது. சங்கிலி ரம்பத்தை 18 வயதுக்குக் கீழுள்ளவர் தொடவே கூடாது. மற்ற மின்கருவிகளுக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைப் பிரிக்க வேண்டும்.

குழி தோண்டுவதற்கு முன் 811-க்கு அழைக்க வேண்டும். அமெரிக்கா முழுதும் ஒரே எண், இலவசம். எரிவாயு, மின்சாரம், கேபிள் நிறுவனத்தார் வந்து நிலத்தடியில் தங்கள் குழாய் எங்கே போகிறது என்று வண்ணம் தெளித்துக் காட்டுவார்கள். சில வேலை நாட்கள் பிடிக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை மாலை அழைத்துவிட்டுச் சனிக்கிழமை காலை தோண்ட முடியாது. பள்ளியோ கோயிலோ தன் வளாகத்துக்குள் சொந்தமாகப் போட்ட நீர்த்தெளிப்புக் குழாயையும் விளக்குக் கம்பியையும் அவர்கள் குறிக்கமாட்டார்கள். அந்த இடத்தின் பராமரிப்பாளரைத் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டடிக் குழியில் எரிவாயுக் குழாய் உடைந்தால் நடுவில் நிற்பவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுக் குழந்தைகள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

1978-க்கு முன் கட்டிய கட்டடத்தின் பழைய வண்ணத்தைச் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வீடுகளுக்கான ஈயம் கலந்த வண்ணம் அந்த ஆண்டில்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். குளிர் மாநிலங்களில் கம்பம் நடும் ஆழத்தையும் விசாரியுங்கள். மண் உறையும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போகாவிட்டால் பனிக்காலத்தில் மண் உப்பிக் கம்பத்தைத் தூக்கிவிடும். மின்னசோட்டாவில் கட்டட அடித்தளத்துக்கு இடத்தைப் பொறுத்து 42 அல்லது 60 அங்குலம் கேட்கிறார்கள். இரண்டடி தோண்டி நட்ட அறிவிப்புப் பலகை அடுத்த வசந்தத்தில் சாய்ந்து நிற்கும், பிள்ளையின் பெயரோடு.

வேலை முடிந்ததும் ஒரு அசதி வரும். அதில்தான் கடைசி ஆபத்து. ஒர்க்புக்கின் இறுதிப் பகுதியான அறிக்கையில் பயன்பெற்ற அமைப்பும் ஸ்கவுட் மாஸ்டரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனால் பள்ளி முதல்வர் மாறியிருப்பார், கோயில் கமிட்டியில் புது ஆட்கள் வந்திருப்பார்கள். வேலை முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள். யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம் என்ற பதிவுத்தாள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், திட்டம் எங்கே மாறியது, ஏன் மாறியது என்ற குறிப்பு எல்லாம் அன்றன்றே எழுதப்பட வேண்டும். ஈகிள் விண்ணப்பத்தில் பிள்ளையைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களின் பெயர்களும் கேட்பார்கள். ஆசிரியரிடமும் மதகுருவிடமும் முன்பே அனுமதி கேட்டு வையுங்கள். பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி இதையெல்லாம் தேடி அலைய முடியாது.

ஏற்கெனவே 17 வயதைத் தாண்டி, கையில் திட்டமே இல்லாமல் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால்? லைஃப் ஆகி 6 மாதம் பிறந்தநாளுக்குள் நிறைகிறதா என்று முதலில் பாருங்கள். மீதமுள்ள பேட்ஜ்களில் 90 நாள் கேட்கும் ஒன்று இருந்தால் அதை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். பிறகு திட்டம். கட்டட அனுமதியும் தோண்டலும் வேண்டாத, ஒரே ஆளின் கையெழுத்தில் முடிகிற, சிறிய அமைப்பு ஒன்றை நாடுங்கள். உணவு வங்கி, விலங்குக் காப்பகம், நூலகம் என்று ஊருக்கு ஊர் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் ஆட்கள் ப்ரொபோசலை எந்தத் தேதிகளில் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணச் சொல்லுங்கள். ஸ்கவுட் மாஸ்டருக்கு இன்று மாலையே மின்னஞ்சல் போக வேண்டும். அதைப் பிள்ளையே எழுதட்டும். சிறுவரும் பெரியவரும் தனியாகக் கடிதம் பரிமாறக்கூடாது என்பது விதி. அதனால் நகல் உங்களுக்கும் வரட்டும். நீங்கள் படித்தால் போதும், பதில் எழுத வேண்டாம்.